ஈரத்துணிக்குப் பத்து நிமிஷம்

மனைவி: எழுபத்தோரு மணி நேரம், நாற்பது நிமிஷம்.

மாஸ்டர்: சரியா பார்த்தியா?

மனைவி: பார்த்தேன்.

மாஸ்டர்: சின்ன முள்ளையும் பார்த்தியா?

மனைவி: ரெண்டு முள்ளையும்தான் பார்த்தேன். பைக் டேங்க்குக்கு நீங்க கடைசி கோட் அடிச்சு முடிச்சது வியாழக்கிழமை பதினொண்ணு இருபதுக்கு. இன்னைக்கு ஞாயிறு, இப்ப மணி பதினொண்ணு. கணக்கு சரியா?

மாஸ்டர்: அப்போ இன்னும் இருபது நிமிஷம்.

மனைவி: இருபது நிமிஷத்துல பெயின்ட் என்ன, மனசு மாறிடப் போகுதா?

மாஸ்டர்: எழுபத்திரண்டுன்னா எழுபத்திரண்டு. உள்ள தின்னர் கொஞ்சம் தங்கியிருந்தாக்கூட ஸ்டிக்கருக்கு அடியில கொப்புளம் கட்டும். கட்டிச்சுன்னா உரிச்சு எறிஞ்சிட்டு வேற ஒட்ட, வேற எங்க இருக்கு? இந்த வண்டிக்கு இருக்கிறதே இந்த ஒரு ஜோடிதான்.

மனைவி: தெரியும். கண்டக்டர் பதினாலு மாசம் தேடிக் கொண்டு வந்தது. நூறு தடவை சொல்லிட்டாரு... கொஞ்சம் உட்காருங்களேன். காலையில அஞ்சரையிலேர்ந்து நிக்கிறோம்.

மாஸ்டர்: நீ உட்காரு.

மனைவி: நான் உட்கார்ந்தா எழுந்திருக்க மாட்டேன். இந்த மாசத்துல இது ஆறாவது டேங்க். கால் ரெண்டும் என்னுதான்னே தெரியல.

மாஸ்டர்: லைட்டைப் போடு.

மனைவி: போட்டாச்சு.

மாஸ்டர்: அந்தப் பெரிய லைட்டு?

மனைவி: அதுவும் எரியுது. மூணும் எரியுது. முகம் வறுபடுது எனக்கு.

மாஸ்டர்: என்ன பல்பு விக்கிறானோ... போன வாரம்தான் மாத்தினேன். அதுக்குள்ள மங்கிடுச்சு.

மனைவி: ...ஆமா. மங்கிடுச்சு.

மாஸ்டர்: ஸ்டிக்கர் எங்க?

மனைவி: உங்க வலது கைப் பக்கம், தட்டுல. மேல இருக்கிறது டேங்க்கோட இடது பக்கத்து இறக்கை, கீழ இருக்கிறது வலது பக்கத்து இறக்கை. நடுவுல காகிதம் வச்சிருக்கேன்.

மாஸ்டர்: ம்... முறுமுறுன்னு இருக்கு. ரொம்ப காய்ஞ்சுபோன சரக்கு.

மனைவி: ஏங்க... இந்த ஒண்ணை மட்டும் நான் வைக்கட்டுமா?

மாஸ்டர்: ஏன்?

மனைவி: சும்மாதான். உங்களுக்கும் அலுப்பா இருக்குமே...

மாஸ்டர்: அலுப்புக்கும் ஸ்டிக்கருக்கும் என்ன சம்பந்தம்? என்னைக்கும் போல நான் வைக்கிறேன். ஈரத்துணி போடுறேன். டீக்குப் போயிட்டு வந்து தண்ணிய வழிக்கிறேன். அவ்வளவுதானே?

மனைவி: அவ்வளவுதான்... டீக்குப் போறப்ப மெதுவாவே போயிட்டு வாங்க. ஒண்ணும் அவசரமில்ல.

கண்டக்டர்: உள்ள வரலாமா, இல்ல டிக்கெட் எடுக்கணுமா?

மனைவி: ஐயோ... அண்ணே! நீங்களா? நாளன்னைக்குத்தானே வண்டி தர்றதாச் சொன்னோம்?

கண்டக்டர்: வண்டி நாளன்னைக்கு எடுத்துக்கறேன் தங்கச்சி. இன்னைக்கு வேடிக்கை பார்க்க வந்தேன். வீட்டுல இருப்புக் கொள்ளல. "போய்த் தொலைங்க"ன்னு என் வீட்டுக்காரியே அனுப்பிவிட்டா.

மாஸ்டர்: வேடிக்கை பார்க்க இதுல என்ன இருக்கு?

கண்டக்டர்: என்ன மாஸ்டர் இப்படிக் கேட்டுட்டீங்க? முப்பது வருஷம் பஸ்ல நின்னுக்கிட்டே போனவன் நான். உட்கார்ந்து போனது இந்த வண்டியில மட்டும்தான். அதுக்கு இறக்கை முளைக்கிறதப் பார்க்க வேண்டாமா? ...யப்பா, என்ன லைட்டு இது! கண்ணு கூசுது. ஆபரேஷனா பண்ணப் போறீங்க?

மனைவி: அண்ணே, இங்க பெயின்ட் வாடை தலைவலிக்கும். சாயங்காலமா வாங்களேன். முடிச்சு வச்சிருப்போம்.

கண்டக்டர்: டீசல் வாடையிலயே குடித்தனம் பண்ணினவன் நான். இந்த ஸ்டூல் யாருது? உட்கார்ந்துட்டேன். இனிமே யாரு கேட்டாலும் சீட் கிடையாது.

மாஸ்டர்: உட்காரட்டும் விடு. மணி என்ன?

மனைவி: பதினொண்ணு இருபத்தொண்ணு.

மாஸ்டர்: தண்ணி?

மனைவி: வெதுவெதுன்னு இருக்கு. சோப்பு நாலு சொட்டு விட்டிருக்கேன்.

மாஸ்டர்: இடது இறக்கையைப் போடு. ஒண்ணு... ரெண்டு... மூணு...

கண்டக்டர்: என்ன தங்கச்சி, சுவத்துல இவ்வளவு பெரிய கடிகாரம் இருக்கு, மாஸ்டர் வாயால எண்ணுறாரு?

மனைவி: பழக்கம்.

மாஸ்டர்: முப்பத்தெட்டு... முப்பத்தொன்பது... நாற்பது. எடு. எண்ணினாத்தான் எனக்குக் கை ஒழுங்கா நிக்கும், கண்டக்டரே.

கண்டக்டர்: எண்ணுங்க, எண்ணுங்க. நானும் ஆளுங்களை எண்ணியே காலத்தை ஓட்டினவன்தான்.

மாஸ்டர்: பேசாம இருந்தா நல்லது... கீழ் விளிம்புலேர்ந்து மூணு விரல். முன் விளிம்புலேர்ந்து நாலு. காகிதத்தை உருவு. மெதுவா. மெதுவாடி...

மனைவி: உருவிட்டேன்.

கண்டக்டர்: ஸ்கேல் வைக்கலையா?

மாஸ்டர்: விரல் இருக்கிறப்ப ஸ்கேல் எதுக்கு? ...ம். உட்கார்ந்துடுச்சு. துணியை நனைச்சுக் கொடு. நல்லா சொட்டச் சொட்ட.

கண்டக்டர்: அட, இதுதானா அந்த ஈரத்துணி? கடைத்தெரு பூரா இதே பேச்சுதான். "மாஸ்டர் ஸ்டிக்கரை வச்சு, ஈரத்துணி போட்டு, பத்து நிமிஷம் டீக்குப் போவாரு. வந்து பார்த்தா நூல் பிடிச்ச மாதிரி நிக்கும்"னு. ரவுண்டானா பெயின்ட் கடைக்காரனும் இப்ப துணி போட்டுட்டு டீக்குப் போறான், தெரியுமா?

மாஸ்டர்: போறானா?

கண்டக்டர்: போறான். பத்து நிமிஷம் கழிச்சு வந்து துணியை எடுத்தா, போட்டப்ப எப்படிக் கோணலா இருந்துச்சோ அப்படியே இருக்காம். "டீத்தூள் சரியில்ல"ன்னு டீக்கடையை மாத்திட்டான்.

மாஸ்டர்: ...சரி. வாங்க கண்டக்டரே, டீக்குப் போகலாம்.

மனைவி: ஆமாண்ணே, போயிட்டு வாங்க. இதுல இனிமே பார்க்க ஒண்ணுமில்ல. துணிதான் கிடக்கும்.

கண்டக்டர்: எதுக்கு? நான்தான் பிளாஸ்க்குல கொண்டு வந்திருக்கேனே. மூணு பேருக்கும் சேர்த்து. தம்ளர்கூட இருக்கு.

மாஸ்டர்: எனக்கு அந்தக் கடை டீதான் சரிப்படும்.

கண்டக்டர்: அப்படியா? நேத்து அந்தப் பக்கமா போனேன். கடைச் சுவரோரமா நின்னுட்டு இருந்தீங்க. கையில கிளாஸையே காணோம். வாய் மட்டும் என்னமோ முணுமுணுத்துட்டு இருந்துச்சு. கூப்பிட்டேன், திரும்பவே இல்ல.

மாஸ்டர்: குடிச்சு முடிச்சிருப்பேன். நீங்க வர்றீங்களா, இல்லையா?

கண்டக்டர்: எழுந்தா சீட்டு போயிடும். நீங்க போயிட்டு வாங்க. நான் தங்கச்சிக்குத் துணையா இருக்கேன்.

மனைவி: நீங்க போயிட்டு வாங்க. நான் பார்த்துக்கறேன்.

மாஸ்டர்: ...துணி காயாம பார்த்துக்கோ.

மனைவி: பார்த்துக்கறேன். வாசப்படி பார்த்து.

கண்டக்டர்: நடையைப் பாரு மனுஷனுக்கு. டீன்னா உசுரு போல.

மனைவி: ஒவ்வொரு ஸ்டிக்கருக்கும் போறாரு. அத்தனை டீக்கு வயிறு என்னத்துக்கு ஆகும்... அண்ணே, வெளியில உங்க வண்டிகிட்ட யாரோ நிக்கிற மாதிரி இருக்கு. போய்ப் பாருங்களேன்.

கண்டக்டர்: என் வண்டி இங்கதானே தங்கச்சி பிரிச்சுக் கிடக்கு? வெளியில ஏது?

மனைவி: ...ஆமால்ல.

கண்டக்டர்: என்னைத் துரத்துறதுலயே இருக்கியே, என்ன விஷயம்? இதுக்குக் கீழ என்ன மந்திரமா வச்சிருக்கீங்க? ஒரே ஒரு தடவை தூக்கிப் பார்த்துக்கறேன்...

மனைவி: அண்ணே, வேண்டாம்! தொடாதீங்க!

கண்டக்டர்: ...தங்கச்சி.

மனைவி: ம்.

கண்டக்டர்: எனக்குத்தான் பார்வை கோணலா, இல்ல இது கோணலா? பின்பக்கம் விளிம்பை விட்டு ஏறிக்கிட்டே போகுதே. ஒரு விரக்கடை இருக்கும். பறவை மேல பறக்கலாம், அதுக்காக இப்படியா? மாஸ்டரைக் கூப்பிடு.

மனைவி: கூப்பிடாதீங்க!

கண்டக்டர்: அப்போ?

மனைவி: தண்ணி இருக்கிற வரைக்கும் நகரும். துணி காயுறதுக்குள்ள நகர்த்திடலாம். நீங்க அந்தப் பக்கமா திரும்பி உட்காருங்க.

கண்டக்டர்: யாரு நகர்த்துறது?

மனைவி: ...நான்தான்.

கண்டக்டர்: இன்னைக்கு மட்டுமா?

மனைவி: என்னைக்கும்.

கண்டக்டர்: எத்தனை நாளா?

மனைவி: பதினோரு மாசமா. போதுமா? அந்தக் கிண்ணத்தை இப்படித் தள்ளுங்க.

கண்டக்டர்: அப்போ ரவுண்டானா கடைக்காரனுக்கு டீத்தூள்ல கோளாறில்ல... மாஸ்டருக்கு இது தெரியுமா?

மனைவி: தெரிஞ்சா அப்புறம் பிரஷ்ஷைக் கையில எடுப்பாரா? இருபத்தாறு வருஷம். இந்தக் கை தொட்ட டேங்க்கைத்தான் ஊரே தேடி வருது. அதை நான் எப்படி அவர்கிட்ட...

கண்டக்டர்: மாஸ்டருக்கு என்ன? மூணு லைட்டு, விரலால அளக்கிறது, வாயால எண்ணுறது... அப்போ அவருக்கு—

மனைவி: கேக்காதீங்கண்ணே.

கண்டக்டர்: இல்ல, டாக்டர்கிட்ட—

மனைவி: கண்ணாடி மாத்தலாம் வாங்கன்னா, பல்பை மாத்துறாரு. நான் என்ன பண்ண? நீங்க எதையும் கேக்காதீங்க, நானும் எதையும் சொல்லல. சொல்லிட்டா அது நிஜமாயிடும்... துணியை இப்படிப் பிடிங்க. சொட்டு சொட்டா விடுங்க, ஓரத்துல. இன்னும். ம்... நகருது. நகருது... இன்னும் கொஞ்சம்...

கண்டக்டர்: மெதுவா.

மனைவி: மெதுவாத்தான்... ஐயோ.

கண்டக்டர்: என்ன?

மனைவி: இறக்கை நுனி... விட்டுடுச்சு.

கண்டக்டர்: எங்க?

மனைவி: இங்க. கீறல் விழுந்துடுச்சு. இத்தனை நாள் ஒட்டினதெல்லாம் புது ஸ்டிக்கர், இழுத்தா வரும். இது பழசு... தாங்கல, அண்ணே.

கண்டக்டர்: இரு... கொஞ்சம் பேசாம இரு. பதினாலு மாசம். ஏழு கடை ஏறி இறங்கினேன். மூடிப்போன ஒரு கடையோட பரண்ல, கவர்கூடப் பிரிக்காம கிடைச்சுது.

மனைவி: தெரியும்ணே. மன்னிச்சுக்கோங்க. வேற என்ன சொல்றதுன்னு தெரியல.

கண்டக்டர்: ...எவ்வளவு நீளம்?

மனைவி: நகம் அகலம். சேர்த்து அமுக்கிட்டேன். மேல லேக்கர் பூச்சு அடிச்சா கொஞ்சம் மறையும்.

கண்டக்டர்: ஆனா நேரா வந்துடுச்சு.

மனைவி: நேரா வந்துடுச்சு.

கண்டக்டர்: விடு. ரோட்டுல போறவன் இறக்கையைத்தான் பார்ப்பான். நுனியில நகம் அகலத்தையா பார்க்கப் போறான்? ...அழாதே. தண்ணி மேல தண்ணி ஊத்தாதே.

மனைவி: வெளியில யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. பெயின்டருக்கு இப்படின்னு தெரிஞ்சா நாளைக்கு ஒரு டேங்க்கூட வாசல் ஏறாது.

கண்டக்டர்: என்கிட்ட போய் சொல்றியே! முப்பது வருஷமா எந்த சீட்டுல யாரு யாரோட உட்கார்ந்து போனாங்கன்னு எனக்குத் தெரியும். ஒண்ணாவது வெளியில வந்திருக்கா?

மனைவி: எனக்குத் தெரிஞ்சே மூணு வந்திருக்கு.

கண்டக்டர்: ...அது சின்னச் சின்ன விஷயம். துணியைப் போடு, போடு. ஆள் வர்றாரு.

மாஸ்டர்: என்ன, பேச்சுச் சத்தத்தையே காணோம்?

கண்டக்டர்: பிரமாதம் மாஸ்டர்! நூல் பிடிச்ச மாதிரி இருக்கு! நீங்க வச்சது வச்ச மாதிரியே. ஒரு மயிரிழை நகரல. நான் பார்த்துக்கிட்டே இருந்தேன். யாரும் தொடல.

மனைவி: அண்ணே, டீயை ஊத்துங்க.

மாஸ்டர்: யாரு தொட்டான்னு நான் கேக்கலையே.

கண்டக்டர்: இல்ல... பொதுவா சொன்னேன்.

மாஸ்டர்: துணியை எடு. ரப்பர் பட்டையைக் கொடு. ...இது என்ன?

மனைவி: எது?

மாஸ்டர்: இந்த நுனி. விரலுக்குத் தட்டுது.

மனைவி: பழைய ஸ்டிக்கர்தானே... முன்னாடியே இருந்திருக்கும்.

மாஸ்டர்: ஊறப் போடுறதுக்கு முன்னாடி ஓரம் பூரா தடவிப் பார்த்தேன். இல்ல.

கண்டக்டர்: நான்தான் மாஸ்டர். மன்னிக்கணும். ஆசையில துணியைத் தூக்கிட்டேன், நகம் பட்டுடுச்சு. தங்கச்சி வேண்டாம் வேண்டாம்னுதான் சொல்லிச்சு.

மாஸ்டர்: உங்க ஸ்டிக்கரை நீங்களே கிழிச்சுக்கிட்டீங்க?

கண்டக்டர்: என் கை அப்படி. டிக்கெட் கிழிச்சுக் கிழிச்சே பழகின கை.

மாஸ்டர்: ...நல்லா சொல்றீங்க, கண்டக்டரே. பொய்யும் நல்லாத்தான் இருக்கு.

மனைவி: ஏங்க, அவர்தான் சொல்றாரே. விடுங்க. அடுத்ததைப் போடலாம். மணி ஆகுது. தண்ணி வேற ஆறுது.

மாஸ்டர்: வலது இறக்கையை எடு.

மனைவி: எடுத்துட்டேன். ஊறப் போடட்டுமா?

மாஸ்டர்: போடு. ஒண்ணு... ரெண்டு... மூணு... நீ இந்தப் பக்கம் வா.

மனைவி: எதுக்கு?

மாஸ்டர்: வா. இங்க நில்லு. இதை நீ வை.

மனைவி: நானா?

மாஸ்டர்: நீதான். ...பதினாறு... பதினேழு...

மனைவி: என்னங்க இது? கண்டக்டர் உங்க கையால வைக்கணும்னு வந்து உட்கார்ந்திருக்காரு...

மாஸ்டர்: பார்க்கட்டும்.

கண்டக்டர்: எனக்கு யாரு வச்சாலும் சம்மதம். நான் டீ ஊத்துறேன்.

மனைவி: நீங்க வைங்க. நான் துணி நனைச்சுத் தர்றேன். என்னைக்கும் போல நீங்க டீக்குப் போயிட்டு வாங்க. இப்ப என்ன புதுசா?

மாஸ்டர்: முப்பது... முப்பத்தொண்ணு... இது காய்ஞ்ச சரக்கு. ஒரு தடவைதான் வைக்க முடியும். வச்ச இடத்துலயே இருக்கணும். வச்சதை நகர்த்தினா உடையும். அந்தப் பக்கம் உடைஞ்சிருக்கு.

மனைவி: ...யாரு நகர்த்தினா?

மாஸ்டர்: பின்பக்கம் மூணு விரல்ல வைக்கத்தான் நினைச்சேன், துணி போடுறப்ப தொட்டா நாலு இருந்துச்சு. இப்ப தொட்டா மூணு இருக்கு. தானாவா இறங்கி வரும்? ...நாற்பது. எடு. எடுடி. ஊறிப்போயிடும்.

மனைவி: எடுத்துட்டேன்.

மாஸ்டர்: கீழ் விளிம்பைப் பாரு. உன் பார்வைக்கு எது நேரோ அங்க வை. நான் காகிதத்தை உருவுறேன்.

மனைவி: பயமா இருக்குங்க.

மாஸ்டர்: இந்தப் பதினோரு மாசத்துல பயமில்லையா?

மனைவி: ...பதினோரு மாசம்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

மாஸ்டர்: வை முதல்ல.

மனைவி: ...வச்சிட்டேன்.

மாஸ்டர்: நேரா இருக்கா?

மனைவி: இருக்கு.

மாஸ்டர்: கண்டக்டரே, நேரா இருக்கா?

கண்டக்டர்: சத்தியமா, மாஸ்டர். இந்தத் தடவை பொய்யில்ல.

மாஸ்டர்: அப்போ தண்ணிய வழி. நடுவுலேர்ந்து ஓரத்துக்கு. துணி வேண்டாம்.

மனைவி: துணி வேண்டாமா?

மாஸ்டர்: இனிமே வேண்டாம்.

மனைவி: எல்லாம் தெரிஞ்சே... தெரிஞ்சேதானா இத்தனை நாளும் துணியைப் போட்டுட்டுப் போனீங்க? ஒவ்வொரு தடவையும் எனக்கு உயிர் போயிட்டு வரும். வாசலைப் பார்த்துக்கிட்டே தள்ளுவேன். செருப்புச் சத்தம் கேட்டா துணியை இழுத்து மூடுவேன். நீங்க ஒரு நாள் ரெண்டு நிமிஷம் முன்னாடி வந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு ராத்திரியெல்லாம் நினைப்பேன். ஆனா நீங்க ஒரு நாள்கூட முன்னாடி வந்ததில்ல. ஒரே ஒரு நாள்கூட.

மாஸ்டர்: எப்படி வருவேன்? ...எனக்கு நடுவுல எதுவும் தெரியல. ஓரத்துல மட்டும்தான் வெளிச்சம். கடிகாரத்து முள்ளு தெரியாது, டேங்க் விளிம்பு தெரியாது, உன் முகம்கூட கொஞ்சம் திரும்பிப் பார்த்தாத்தான். டீயெல்லாம் நான் குடிச்சதே இல்லடி. கடைச் சுவரோரமா நின்னு அறுநூறு வரைக்கும் எண்ணிட்டு வருவேன்... உனக்குப் பத்து நிமிஷம் வேணுமே.